சில்க் போர்டில் இன்னொரு சிக்னல்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

பெங்களூரில் ஒரு தடவையாவது வண்டியில் போனவர்களுக்கு சில்க் போர்டு சிக்னலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஓசூரிலிருந்து பறந்து வந்த பஸ், அங்கே வந்ததும் பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றுவிடும். இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வந்து அதே பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம் என்று கேலி பேசுவார்கள். அந்த இடத்துக்குப் பெயர் தந்தது, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவான மத்திய பட்டு வாரியம். வாரியத்துக்குச் சோறு போடும் பட்டுப்பூச்சியிடமும் ஒரு சிக்னல் இருக்கிறது. விலங்குகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் வேதிச் சமிக்ஞைகளில், இன்ன பொருள் என்று மனிதர்கள் முதன்முதலில் பிரித்தறிந்தது அதைத்தான்.

ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் புட்டேனான்ட் அதற்காகச் செலவிட்டது ஏறக்குறைய இருபது ஆண்டுகள். ஐந்து லட்சம் பெண் அந்துப்பூச்சிகளின் வாசனைச் சுரப்பிகளைச் சேகரித்து, வடித்து, கடைசியில் கையில் மிஞ்சியது சில மில்லிகிராம் பொருள். அதற்கு பாம்பிகால் என்று பெயர் வைத்து 1959-இல் அறிவித்தார். அதே ஆண்டில் பீட்டர் கார்ல்சன், மார்ட்டின் லூஷர் என்ற இருவர், ஓர் உயிர் வெளியிட்டு அதே இனத்தின் இன்னோர் உயிரை இயக்கும் இத்தகைய பொருள்களுக்கெல்லாம் ஃபெரமோன் என்று பொதுப்பெயர் சூட்டினார்கள்.

வாசனையால் எழுதப்படும் இந்தக் கடிதங்களில் அநேகமாக எதுவும் நமக்கு வந்தவை அல்ல. ஆனாலும் அடுத்த வீட்டுத் தபாலைப் பிரித்துப் பார்க்கும் ஆர்வம் நமக்கு உண்டு. எழுத்து புரியாத இடங்களில் கதை கட்டிக்கொள்கிறோம். அந்தக் கதைகளில் சில முழுப்பொய், சில அரைமெய். ஒன்று மட்டும், பழம்புலவர்கள் சொல்லியும் நாம் கற்பனை என்று தள்ளிவிட்ட மெய்.

நம்பிக்கை: நம் மூக்குக்கு எட்டாவிட்டால் அங்கே வாசனையே இல்லை.

உண்மை: பட்டுப்பூச்சி முட்டைகளைத் தயாரிக்கும் வித்தகம் ஒன்றுக்குள் போய் நின்று பாருங்கள். கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்த பெண் அந்துப்பூச்சி, வயிற்று நுனியிலுள்ள சுரப்பிகளைப் பிதுக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து கிளம்பும் பாம்பிகால் நமக்குத் துளியும் மணக்காது. எட்ட இருக்கும் ஆணோ சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு அவளை நோக்கி நடக்கத் தொடங்கும். பறப்பதற்காக அல்ல, பல ஆயிரம் ஆண்டு வளர்ப்பில் இந்த இனம் பறப்பதையே மறந்துவிட்டது. அந்தச் சிறகடிப்பு காற்றைத் தன் உணர்கொம்புகளின் பக்கம் இழுக்கும் விசிறி. சீப்பு போன்ற அந்தக் கொம்பில் ஒரே ஒரு மூலக்கூறு பட்டாலும் உணர்நரம்பு துடிக்கும். சில நூறு பட்டால் ஆண் கிளம்பிவிடும்.

இன்னொரு வேடிக்கை: பெண்ணின் கொம்புகளுக்கு பாம்பிகால் தெரியாது. எழுதியவளாலேயே படிக்க முடியாத கடிதம் அது.

நம்பிக்கை: எறும்புச் சாரிக்கு முன்னால் போகும் எறும்புதான் தலைவன்.

உண்மை: சமையல் மேடையில் சிந்திய சர்க்கரையை முதலில் கண்ட எறும்பு, வயிறு நிறைந்து திரும்பும் வழியெல்லாம் தரையில் ஒரு வேதிக்கோடு இழுத்துக்கொண்டு போகிறது. அதை மோந்து வரும் அடுத்த எறும்பும் சர்க்கரையைக் கண்டால் தன் பங்குக்குக் கோட்டை அழுத்தி வரைகிறது. நிறையப் பேர் நடந்தால் கோடு தடிக்கும். சர்க்கரை தீர்ந்ததும் யாரும் வரைவதில்லை, கோடு ஆவியாகிவிடும், சாரி கலைந்துவிடும். உத்தரவு போடுபவரும் இல்லை, கேட்பவரும் இல்லை.

தலைவன் இல்லை என்பதற்கு வருத்தமான சாட்சி ஒன்றும் இருக்கிறது. தென்னமெரிக்காவில் கயானாவின் காட்டில், படையெறும்புகள் தங்கள் கோட்டையே தாங்கள் பின்தொடர்ந்து ஒரு பெரிய வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்ததை இயற்கையியலாளர் வில்லியம் பீப் 1921-இல் எழுதினார். வட்டத்தின் சுற்றளவு 1,200 அடி. ஓர் எறும்பு ஒரு சுற்று முடிக்க இரண்டரை மணி நேரம். பல எறும்புகள் சுற்றிச் சுற்றியே செத்து விழுந்தன. முன்னால் ஒரு தலைவன் இருந்திருந்தால் ஒரு சுற்றிலாவது நின்று யோசித்திருப்பான்.

செத்த எறும்பைத் தூக்கிப் போவதைப் பார்த்து, ஈமச்சடங்கு செய்கின்றன என்று உருகுவதும் நம் வழக்கம். பிணத்திலிருந்து வரும் ஓலியிக் அமிலம்தான் அங்கே பேசுகிறது என்று எறும்பு ஆய்வாளர் எட்வர்ட் வில்சன் 1950களில் காட்டினார். நம் கடலை எண்ணெயின் கொழுப்பில் பெரும்பங்கு வகிப்பதும் இதே அமிலம்தான். உயிரோடிருக்கும் எறும்பின்மீது அதை ஒரு சொட்டுத் தடவினால், அது காலை உதைத்துக்கொண்டிருக்கும்போதே மற்றவை தூக்கிக்கொண்டு போய்க் குப்பைமேட்டில் போட்டுவிடும். உடம்பைத் துடைத்துக்கொண்டு வந்தால்தான் மறுபடி உயிருள்ளவர் பட்டியலில் இடம்.

சமையலறைக்கு இதில் ஒரு பாடம் உண்டு. மருந்துச் சாக்பீஸ் கோட்டை எறும்பு தாண்டாமல் இருப்பது அதிலுள்ள பூச்சிக்கொல்லியால். குழந்தைகள் கை வைக்கும் இடத்தில் அது வேண்டாம். சிந்தியதை எடுத்துவிட்டு, சாரி வந்த வழியைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். எழுதியதை அழித்துவிட்டால் வாசகர் வரமாட்டார்.

நம்பிக்கை: குளவிக் கூட்டில் ராணி அடித்து மிரட்டி ஆள்கிறாள்.

உண்மை: 1970களில் பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்த ராகவேந்திர கடக்கர், ஜன்னல்களில் காகிதம் போன்ற கூடு கட்டியிருந்த சிறு குளவிகளைக் கவனிக்கத் தொடங்கினார். ரோப்பாலிடியா மார்ஜினேட்டா என்பது அதன் அறிவியல் பெயர். பின்னாளில் இந்திய அறிவியல் கழகத்தில் அவரும் மாணவர்களும் அந்தக் குளவியையே பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார்கள்.

அவர்கள் கண்ட ராணி ஒரு பரம சாது. சண்டை போடமாட்டாள், யாரையும் துரத்தமாட்டாள். கூட்டத்தில் நின்றால் இவள்தான் ராணி என்று நடத்தையை வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் முட்டையிடுவது அவள் ஒருத்திதான். ராணியை எடுத்துவிட்டால் சில நிமிடங்களிலேயே ஒரு வேலைக்காரி திடீரென்று மூர்க்கமாகிறாள். அவள்தான் அடுத்த ராணி. ராணியைத் திரும்ப விட்டால் அந்த மூர்க்கம் அடங்கிவிடும். விடாவிட்டால் நாளடைவில் அவளுக்குச் சினைப்பை வளர்ந்து, முட்டையிடத் தொடங்கும்போது அவளும் சாதுவாகியிருப்பாள்.

ராணி தன் வயிற்றைக் கூட்டின்மேல் தேய்த்துக்கொண்டு நடக்கிறாள். வயிற்றிலுள்ள டூஃபோர் சுரப்பியின் சாறுதான் அவள் இருப்பை அறிவிக்கிறது. ராணியின் சுரப்பிச் சாற்றைக் கூட்டில் தடவியபோது, மூர்க்கம் கொண்டிருந்த வாரிசின் வேகம் கணிசமாகக் குறைந்தது. கூட்டை நடத்த அடிதடி வேண்டியிருக்கவில்லை. ‘நான் இருக்கிறேன்’ என்ற சுவரெழுத்தே போதுமாயிருந்தது.

நம்பிக்கை: தேனீக்கள் காரணமில்லாமல் துரத்தித் துரத்திக் கொட்டும்.

உண்மை: பெங்களூர் அடுக்குமாடிகளின் சன்ஷேடுக்குக் கீழே தொங்கும் பெரிய ஒற்றை அடை, பெருந்தேனீயின் அடை. மலைத்தேனீ என்றும் சொல்வோம், கன்னடத்தில் ஹெஜ்ஜேனு. சீண்டாதவரை அதன் கவனம் பூக்களில்தான். சீண்டினால் காரணம் அந்த நொடியிலேயே எழுதப்பட்டுவிடுகிறது, அதுவும் உங்கள் தோலிலேயே.

கொட்டிய தேனீயின் கொடுக்கு தோலில் தங்கிவிடும். அதோடு ஒட்டிய சுரப்பியிலிருந்து ஐசோஅமைல் அசிடேட் கசிந்துகொண்டே இருக்கும். வளர்ப்புத் தேனீயின் கொடுக்கில் இதை 1962-இல் கண்டறிந்தார்கள். நமக்கு அது பழுத்த வாழைப்பழ வாடை. மிட்டாயில் சேர்க்கும் வாழைப்பழ எசென்ஸும் அதேதான். தேனீக்கோ ‘எதிரி இங்கே’ என்று மை வைத்த அடையாளம். பெருந்தேனீயிடம் மெதுவாக ஆவியாகிற இன்னொரு அபாய வாசனையும் இருப்பதால் அதன் கோபம் சீக்கிரம் தணியாது. கையை வீசி ஒன்றை நசுக்கினால், நூறுக்கு நீங்களே தந்தி அடித்த மாதிரி. சத்தமில்லாமல் விலகி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள். கொடுக்கை எப்படி எடுப்பது என்று யோசித்து நிற்காமல் உடனே எடுங்கள். அந்த இடத்தைக் கழுவுங்கள்.

நம்பிக்கை: நீலத் தண்ணீர் பாட்டிலைக் கட்டினால் நாய் கேட்டில் காலைத் தூக்காது.

உண்மை: சொட்டு நீலம் கலந்த பாட்டில்கள் பெங்களூர் கேட்டுகளில் தோரணம்போலத் தொங்கும். சில தெருக்களில் சிவப்பும் உண்டு. நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும் தெரியும். சிவப்பு மங்கிய பழுப்பாகத்தான் படும். எந்த நிறமானாலும் பாட்டிலுக்குப் பயப்பட அதற்குக் காரணமில்லை. அது காலைத் தூக்குவது கண்ணை நம்பி அல்ல. போன நாய் எழுதிவிட்டுப் போனதைப் படித்து, அதன்மேல் தன் கையெழுத்தைப் போடுகிறது. கார் டயர்மேல் அதற்கு ஏன் அவ்வளவு பிரியம் என்றால், ஜெயநகரில் ஒரு நாயும் அல்சூரில் ஒரு நாயும் எழுதியதையெல்லாம் சுமந்துகொண்டு உங்கள் தெருவுக்கு வந்து நிற்பது அந்த டயர்தானே! பாட்டிலை மாற்றுவதைவிட, வாடை போக அந்த இடத்தைத் தேய்த்துக் கழுவுவதில் பலன் இருக்கிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு நம்பிக்கை, ‘நாய்க்கு நம் பயம் தெரியும்’ என்பது. இதில் மெய் இருக்கிறது. மனக்கணக்கு போடச் சொல்லிப் பதற்றப்படுத்திய 36 பேரின் வியர்வை, மூச்சு மாதிரிகளை, அதே ஆட்களின் பதற்றத்துக்கு முந்தைய மாதிரிகளிலிருந்து பழக்கப்பட்ட நான்கு நாய்கள் பிரித்துக் காட்டின. 2022-இல் வெளியான அந்த ஆய்வில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று தடவைக்கு மேல் சரி. ஆனால் தெரிந்துகொள்வது வேறு, கடிப்பது வேறு. பயந்தவனை நாய் துரத்துவதற்கு, அவன் ஓடுவதே போதிய காரணம்.

நம்பிக்கை: ஒரு பாம்பை அடித்தால் ஜோடிப் பாம்பு பழிவாங்க வரும். தாழம்பூ வாசனைக்கும் பாம்பு வரும்.

உண்மை: அடித்தவன் முகம் பாம்பின் கண்ணில் படமாகப் பதியும் என்பதை சினிமா நமக்கு நன்றாகவே பழக்கிவிட்டது. பாம்புகள் ஆயுளுக்கும் ஜோடி கட்டி வாழ்வதில்லை. முகத்தை நினைவில் வைத்துப் பழி தீர்ப்பதும் இல்லை. ஆனால் ஒரு பாம்பு தென்பட்ட இடத்தில் இன்னொன்று தென்படுவது நடக்கக்கூடியதே. இணைசேரும் பருவத்தில், பெண் ஊர்ந்த வழியில் விட்டுச்சென்ற வேதித்தடத்தைப் பிடித்துக்கொண்டு ஆண் வரும். கனடாவின் கார்ட்டர் பாம்புகளில், பெண்ணின் தோலிலுள்ள கீட்டோன் வகைப் பொருள்களே அந்தச் சேதியைச் சொல்கின்றன என்று ராபர்ட் மேசன் குழுவினர் 1989-இல் கண்டறிந்தார்கள். கொலை செய்ய வந்தது என்று நாம் நடுங்கும் பாம்பு பெண் தேடி வந்ததாக இருக்கலாம்.

பாம்பு முகர்வது பெரும்பாலும் நாக்கால். நாக்கை வெளியே நீட்டித் துகள்களைத் தொட்டு, மேலண்ணத்திலுள்ள ஜேக்கப்சன் உறுப்பிடம் ஒப்படைக்கிறது. நாக்கு பிளந்திருப்பதால் வலப்பக்கம் வாசனை அதிகமா இடப்பக்கமா என்று ஒப்பிட்டுத் திரும்ப முடிகிறது. ‘இரட்டை நாக்கு’ என்று நாம் பொய்யனைத் திட்டுகிறோம். பாம்புக்கு அது வழி தப்பாமலிருக்கும் கருவி. அந்தக் கருவி தேடுவது எலியை, தவளையை, துணையை. தாழம்பூ அந்தப் பட்டியலில் இல்லை. முள் அடர்ந்த தாழம்புதர் பெரும்பாலும் நீர்க்கரையில் இருக்கும்; அங்கே தவளை இருக்கும், ஒளிய இடமும் இருக்கும். பாம்பு வந்தது புதருக்கு. பெயர் போனது பூவுக்கு.

நம்பிக்கை: மதம் பிடித்த யானை பைத்தியம் பிடித்த யானை.

உண்மை: பெங்களூரின் தெற்கு ஓரத்தில் பன்னேர்கட்டா காடு இருப்பதால், யானை இந்த நகரத்துக்கு அந்நியமில்லை. கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள சுரப்பியிலிருந்து வழியும் மதநீர், வயதுக்கு வந்த ஆரோக்கியமான ஆண் யானையின் அறிவிப்பு. உடலில் டெஸ்டோஸ்டிரோன் பல மடங்கு ஏறியிருக்கிறது; எதிரே வருபவர் விலகிப் போகலாம், இணைக்குத் தயாரான பெண் நின்று கவனிக்கலாம். நெருங்கினால் ஆபத்துதான். ஆனால் அது நோயின் ஆபத்து அல்ல.

மதநீரில் வண்டு மொய்ப்பதாக சங்கப் புலவர்கள் முதல் வடமொழிக் கவிகள்வரை பாடியிருக்கிறார்கள். நாற்றமடிக்கும் மதநீரில் வண்டு ஏன் மொய்க்கப் போகிறது, கவிகள் அளந்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். 2002-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. எழுதிய மூவரில் இருவர் அமெரிக்கர்களான ராஸ்முசென், ரிடில். மூன்றாமவர் வி. கிருஷ்ணமூர்த்தி. ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதை வழியாகத் தமிழ் வாசகர்கள் டாக்டர் கே என்று அறிந்திருக்கும் அதே வனத்துறைக் கால்நடை மருத்துவர். முதன்முதலாக மதம் கொள்ளும் இளம் ஆண்களின் மதநீர் தேன்போல இனிய வாசனை கொண்டது, வயது ஏற ஏறத்தான் துர்நாற்றமாக மாறுகிறது என்று அக்கட்டுரை காட்டியது. இளையவன் இனிய வாசனையால் ‘நான் சின்னவன், வம்புக்கு வரவில்லை’ என்று சொல்லிக்கொள்கிறான். பெரிய ஆண்கள் அவனை விட்டுவிடுகின்றன. கவிகள் அளக்கவில்லை. அவர்கள் பார்த்தது இளங்களிற்றை.

பெண் யானையின் கடிதம் இன்னும் விசித்திரம். இணைக்குத் தயாரானதும் அவள் சிறுநீரில் ஓர் அசிடேட் கலக்கிறது. ஆண் அதைத் துதிக்கை நுனியால் தொட்டு மேலண்ணத்தில் வைத்துப் படிக்கும். இதே பொருளைத்தான் நூற்றுக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்களின் பெண்களும் தம் ஆண்களை அழைக்கப் பயன்படுத்துகின்றன என்று 1996-இல் ராஸ்முசென் குழு அறிவித்தது. சில டன் எடையுள்ள உயிரும் சில மில்லிகிராம் உயிரும் ஒரே எழுத்தில் எழுதுகின்றன. ஆனாலும் அந்துப்பூச்சி யானையைத் தேடி வருவதில்லை. அதன் இனம் எழுதும்போது, வேறு பொருள்களையும் தனக்கே உரிய விகிதத்தில் கலந்துதான் எழுதும். முகவரி அந்த விகிதத்தில் இருக்கிறது.

நம்பிக்கை: புலியின் எல்லைக்கோடு கெட்ட நாற்றமாகத்தான் இருக்கும்.

உண்மை: புலி வாலைத் தூக்கி மரத்தின்மேல் பின்பக்கமாகப் பீய்ச்சும் திரவத்தில் பாஸ்மதி அரிசியின் மணம் இருக்கிறது. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணிபுரிந்த ரத்தன் லால் பிரம்மச்சாரி, அந்த மணத்துக்குக் காரணமான 2-அசிட்டைல்-1-பைரோலின் புலியின் திரவத்திலும் இருப்பதைக் காட்டினார். யாழ்ப்பாணத்துச் சமையலில் போடும் ரம்பை இலையின் மணமும் அதே பொருள்தான். திரவத்திலுள்ள கொழுப்பு அந்த மணத்தைச் சீக்கிரம் பறக்கவிடாமல் பிடித்துவைக்கிறது. புலாவு மணக்கும் வீட்டில் நாம் உள்ளே போவோம். காட்டில் அந்த மணத்துக்கு அர்த்தம், இந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்பது.

நம்பிக்கை: தோட்டத்தில் ஒரு இனக்கவர்ச்சிப் பொறி கட்டினால் எல்லாப் பூச்சியும் ஒழிந்துவிடும்.

உண்மை: ஒரு பொறியின் குப்பியில் இருப்பது ஓர் இனத்துக்கு எழுதிய கடிதம். கத்தரிக் காய்த்துளைப்பானுக்கான குப்பியைக் கட்டிவிட்டுத் தக்காளிப் பூச்சி விழவில்லையே என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பெரும்பாலும் ஆண்கள்தான் விழும். குப்பியைக் காலத்தில் மாற்ற வேண்டும், ஏக்கருக்குத் தேவையான எண்ணிக்கையில் கட்ட வேண்டும். பழ ஈக்கு வைக்கும் மெத்தில் யூஜினால் கண்டிப்பாகச் சொன்னால் ஃபெரமோனே அல்ல. துளசியிலும் இருக்கிற தாவரப் பொருள். ஆண் ஈ அதைத் தின்று, தன் உடலில் மாற்றி, பெண்ணை ஈர்க்கும் வாசனையாக்கிக்கொள்கிறது. பெங்களூரில் இயங்கும் வேளாண் பூச்சி வளங்களுக்கான தேசியப் பணியகத்தின் தீபா பகத்தும், இந்திய அறிவியல் கழகத்தின் சாந்தனு பட்டாச்சார்யாவும் சுமன் சமந்தாவும் சேர்ந்து, இந்த மெத்தில் யூஜினால் சீக்கிரம் ஆவியாகிவிடாதபடி ஒரு ஜெல்லில் அடைத்து, கொய்யாத் தோட்டத்தில் சோதித்து 2013-இல் வெளியிட்டார்கள்.

நம்பிக்கை: ஃபெரமோன் சென்ட் அடித்துக்கொண்டால் எதிர்பாலினர் மயங்குவார்கள்.

உண்மை: ஆண் பன்றியின் எச்சிலிலுள்ள ஆண்ட்ரோஸ்டீனோனைத் தெளித்தால், பருவத்திலுள்ள பெண் பன்றி அசையாமல் நின்றுகொடுக்கும். பன்றிப் பண்ணைகளுக்கு அதை ஸ்பிரேயாகவே விற்கிறார்கள். அந்தப் பன்றிச் சமாச்சாரத்தையும் அதன் உறவுப் பொருள்களையும் மனிதருக்கான காதல் மருந்து என்று சென்ட் பாட்டிலில் அடைத்தார்கள். மனிதரில் இன்ன பொருள்தான் ஃபெரமோன் என்று இதுவரை ஒன்றுகூட ஐயமற நிறுவப்படவில்லை. ஹாஸ்டலில் ஒன்றாக இருக்கும் பெண்களுக்கு மாதவிலக்கு ஒரே சமயத்தில் வந்துவிடும் என்ற பிரபலமான கருத்தும் 1971-இல் வந்த ஓர் ஆய்விலிருந்து கிளம்பியது. பின்னால் செய்த கவனமான ஆய்வுகளில் அது நிற்கவில்லை.

மனித உடம்புக்கு வாசனையே இல்லை என்பதல்ல இதன் பொருள். பிறந்த குழந்தை தாயின் வாசனையை அடையாளம் கண்டுகொள்கிறது. தாயும் குழந்தை உடுத்திய துணியை மோந்தே சொல்லிவிடுகிறாள். அது பழகிப் பழகி அறிந்த முகம் மாதிரி. பொத்தானை அமுக்கினால் எல்லோரையும் ஒரே மாதிரி இயக்கும் சிக்னல் அல்ல.

இருந்தும் மால்களில் அந்த பாட்டில்கள் விற்கின்றன. மூக்கை ஏமாற்றி அல்ல. அட்டையில் ஓர் ஆணும் பெண்ணும் நெருங்கி நிற்கும் படம், மேலே பளபளக்கும் எழுத்து, கீழே விலை. ஃபெரமோன் என்று எழுதியதையும் நாம் கண்ணால் பார்த்துத்தான் வாங்குகிறோம்.